அவசரத்தில் தெரிவது யார் முகம்?

ஓர் ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவரோடு ஒரு தடவை ரயிலில் போய்ப் பாருங்கள் என்பார்கள் பெரியவர்கள். லோயர் பெர்த் யாருக்கு, ஜன்னல் ஓரம் யாருக்கு, கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதத்தில் யாருக்கு எவ்வளவு என்பதிலேயே பாதி ஆள் தெரிந்துவிடுவார். மீதிப் பாதி, இறங்க வேண்டிய ஸ்டேஷன் வரும்போது தெரியும்!

இந்த யோசனையையே மூலதனமாகப் போட்டு, உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கிற ஒரு டி.வி. நிகழ்ச்சி உண்டு. 'தி அமேசிங் ரேஸ்'. அடியேன் அதன் பரம ரசிகன். நம்மில் பலருக்கு அதை அறிமுகம் செய்து வைத்த ஏ.எக்ஸ்.என். சேனல் 2020-ல் இந்தியாவில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ரேஸ் மட்டும் நிற்கவில்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 2001 செப்டம்பர் 5-ம் தேதி அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனலில் ஆரம்பமானது. ஏற்கெனவே ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து ஒரு டீம். கணவன் மனைவி, அப்பா மகள், அக்கா தங்கை, காதலர்கள், நண்பர்கள் என்று யாராகவும் இருக்கலாம். பெரும்பாலும் பதினொன்று அல்லது பன்னிரண்டு டீம்கள் புறப்படும். கையில் கொடுக்கிற கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு நாடு நாடாக ஓட வேண்டும். போகிற இடமெல்லாம் ஒரு கவர் இருக்கும். பிரித்தால் உள்ளே ஒரு வேலை இருக்கும். முடித்தால்தான் அடுத்த கவர். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பாய் விரித்து வைத்து, நியூஸிலாந்துக்காரரான ஃபில் கியோகன் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் கடைசியாக வருகிற டீம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் பரிசு 10 லட்சம் டாலர்.

இந்தியாவுக்குப் பல தடவை வந்திருக்கிறார்கள். நம்ம சென்னைக்கும் வந்தார்கள். 2006-ல் ஒளிபரப்பான பத்தாவது சீசனில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையில் முதலையைக் கட்டித் தூக்குவது அல்லது கோலம் போடுவது என்று இரண்டு வேலை கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முதலையையும் கோலத்தையும் ஒரே தராசில் வைத்த பெருமை அந்த நிகழ்ச்சியையே சேரும்!

ஆனால், ரசிகர்கள் இதைப் பார்ப்பது முதலைக்காகவும் அல்ல, தாஜ்மஹாலுக்காகவும் அல்ல. மனிதர்களுக்காக. பிளேனைத் தவறவிட்ட கணவன், மனைவியிடம் என்ன பேசுகிறான்? வழி தப்பிய மகன், வயதான அப்பாவை எப்படிப் பார்க்கிறான்? வழி சொல்ல வந்த உள்ளூர்க்காரரிடம் 'தேங்க்ஸ்' சொன்னார்களா, இல்லை பாதியிலேயே ஓடிவிட்டார்களா? சோபாவில் சாய்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு நாம் தீர்ப்பு வழங்குகிறோம்: "பார்த்தியா, அந்த ஆளோட சுயரூபம் வெளியே வந்துடுச்சு!"

இந்த 'சுயரூபம்' என்ற வார்த்தைதான் என்னைக் கொஞ்ச நாளாகக் குடைகிறது. அவசரத்தில் வெளியே வருவதுதான் ஒருவரின் நிஜ முகமா? அப்படியானால் மற்ற நேரங்களில் சிரித்துப் பேசினாரே, அது யார்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004, ஐந்தாவது சீசன். காலின், கிறிஸ்டி என்று ஒரு காதல் ஜோடி. அபார வேகம், அபார மூளை. ஆனால் காலினுக்குக் கோபம் மூக்கு நுனியில். தான்சானியாவில் ஒரு டாக்ஸி பிடித்தார்கள். வழியில் டயர் காலை வாரிவிட்டது. தாமதம். பேசிய பணத்தை முழுசாகத் தரமாட்டேன் என்று காலின் பிடிவாதம் பிடிக்க, தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. 10 லட்சம் டாலருக்கு ஓடுகிறவர், சில பத்து டாலருக்காக அங்கே நின்றார். பிறகு பிலிப்பைன்ஸில் சேற்று வயலில் மாடு பூட்டி உழும் வேலை. மாடு நகரவில்லை. "என் மாடு ரிப்பேர்!" என்று அவர் கத்தியது, இன்றுவரை ரசிகர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற வசனம். கடைசியில் இரண்டாவது இடம். ரசிகர் மன்றத் தீர்ப்பு என்ன தெரியுமா? மோசமான ஆள். சுயரூபம் தெரிந்துவிட்டது. ஃபைல் க்ளோஸ்.

இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. மனிதன் கரும்பு மாதிரி, பிழிந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்கிற தத்துவம். இது நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பதவி கொடுப்பதற்கு முன்னால் ஆளைப் பணத்தால், இன்பத்தால், உயிர் பயத்தால் எல்லாம் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். இன்டர்வியூவில் வேண்டுமென்றே சிடுசிடுக்கிற மேனேஜரும் அதைத்தான் செய்கிறார். சோதனையில் தெரிவது பொய் என்று நானும் சொல்லவில்லை. ஆனால், அதுதான் 'முழு' நிஜம் என்று எப்போது முடிவு செய்தோம்?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காலை அவசரத்தில் நம்மிடம் சள்ளென்று விழுந்தால், அது அவர் சுயரூபம். அதே காலை, அதே அவசரத்தில் நம் பிள்ளை பாட்டியிடம் கத்தினால், "பாவம், பரீட்சை டென்ஷன்!" நாமே கத்தினால் கேட்கவே வேண்டாம். டிராஃபிக், ஷுகர், ஆபீஸ் என்று காரணங்கள் வரிசை கட்டி நிற்கும். அடுத்தவன் தப்புக்குக் குணம் காரணம், நம் தப்புக்குச் சூழ்நிலை காரணம். இரட்டைக் கணக்கு வைத்து வியாபாரம் செய்கிறவனை வருமான வரிக்காரர்கள் பிடிப்பார்கள். இந்த இரட்டைக் கணக்கைப் பிடிக்க ஒரு டிபார்ட்மென்ட் இல்லை.

சரி, அவசரம் மனிதனை என்னதான் செய்கிறது? 1973-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்று இரண்டு உளவியல்காரர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் செய்தது. ஆட்கள் யார் தெரியுமா? பாதிரியார் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். ஒவ்வொருவரையும், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்னப் பேச்சு பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலரிடம், "நிறைய நேரம் இருக்கு, மெதுவா போங்க." சிலரிடம், "சரியா இருக்கும், கிளம்புங்க." சிலரிடம், "ஐயையோ, லேட்டாயிடுச்சு, ஓடுங்க!" போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி, முனகிக்கொண்டிருப்பார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். யார் நின்று உதவுகிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை.

நேரம் இருந்தவர்களில் 63 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவிகிதம். 'ஓடுங்க' என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவிகிதம்! இதில் உச்சகட்ட வேடிக்கை, அவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பு 'நல்ல சமாரியன்'. பைபிளில் வருகிற கதை. அடிபட்டு வழியில் கிடந்தவனைப் பெரிய மனிதர்கள் கண்டும் காணாமல் போக, ஒரு சாதாரண வழிப்போக்கன் நின்று காப்பாற்றிய கதை! அதைப் பற்றிப் பேசுவதற்காகவே, விழுந்து கிடந்தவரைத் தாண்டிப் போனவர்களும் உண்டு.

இவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? ஆய்வு செய்தவர்களே அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கம் ஒருவர் கிடக்கிறார் என்ற இழுபறியில் மாட்டிக்கொண்டவர்கள் என்றும் பார்க்கலாம் என்றார்கள். பத்து நிமிடம் கூடுதலாகக் கையில் இருந்தால் அதே மாணவர்களில் பலர் 'நல்லவர்கள்' பட்டியலில் வந்திருப்பார்கள். அப்படியானால் நாம் 'குணம்' என்று கொண்டாடுவதில் எத்தனை பங்கு நிஜமாகவே குணம், எத்தனை பங்கு கைக்கடிகாரம்?

ரேஸில் நிலைமை இன்னும் மோசம். பிரின்ஸ்டன் மாணவர்களுக்குத் தங்களை யாரோ கவனிப்பது தெரியாது. ரேஸ்காரர்களுக்கோ கூடவே கேமரா ஓடி வருகிறது. கோடிக்கணக்கானவர்கள் பார்க்கப்போகிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் கத்துகிறார்கள். அதாவது, வெட்கத்தையே ஜெயித்துவிடுகிறது அவசரம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம்கூட அந்த நேரத்தில் லீவு போட்டுவிடுகிறது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. "அப்ப எல்லாத்துக்கும் சூழ்நிலைதான் காரணம்னு சொல்லிட்டுப் போயிடலாமா சார்? யாருமே குற்றவாளி இல்லையா?"

அப்படிச் சொல்ல எனக்கும் மனசில்லை. ஆறாவது சீசனில் பெர்லின் தெருவில் ஒரு கணவர், ரேஸ் டென்ஷனில் தன் மனைவியைப் பிடித்துத் தள்ளினார். உலகமே பார்த்தது. 'அவசரம் அப்படி' என்றால், தள்ளப்பட்ட மனைவிக்கு வலி குறைந்துவிடுமா? தான்சானியா டிரைவருக்கு, தன் கூலியைக் குறைக்கப் பார்த்தவர் கெட்டவரா, இல்லை அவசரத்தில் இருந்த நல்லவரா என்பது எதற்கு? பையில் வர வேண்டிய பணம் வந்ததா இல்லையா, அவ்வளவுதான். காரணம் சொல்வது வேறு, கணக்கை ரத்து செய்வது வேறு. முதலாவது, என்ன நடந்தது என்று நமக்குப் புரிய வைக்கிறது. இரண்டாவதைச் செய்யும் உரிமை, பாதிக்கப்பட்டவருக்குத்தான் உண்டு. சோபாவில் இருக்கிற நமக்கு இல்லை.

தவிர, 10 சதவிகிதம் பேர் நின்றார்களே! 'ஓடு' என்று விரட்டப்பட்ட பிறகும் நின்றார்களே! அவர்களை எங்கே வைப்பது? சூழ்நிலைதான் எல்லாம் என்றால் அந்தப் பத்து சதவிகிதம் பேர் இருந்திருக்கவே கூடாது.

எனக்குப் பிடித்த ரேஸ் காட்சி இங்கேதான் வருகிறது. 2005, ஏழாவது சீசன். உசென்னா, ஜாய்ஸ் என்ற தம்பதி. ஜாய்ஸை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். இந்தியாவுக்கு வந்தபோது, மொட்டை போட்டுக்கொண்டால் அந்தக் கட்டத்தில் முந்திக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்பு. தயங்கித் தவித்து, கண் கலங்க, தலைமுடி முழுவதையும் கொடுத்தார் அந்த அம்மாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இறுதிச் சுற்று, மயாமி. கடைசி டாக்ஸி. சில அடி தூரத்தில் முடிவுக்கோடு. அங்கே 10 லட்சம் டாலர். பின்னால் எந்த நிமிடமும் இன்னொரு ஜோடி வந்துவிடலாம். டாக்ஸிக்குக் கொடுக்கக் கையில் போதுமான பணம் இல்லை!

என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களிடம் கை நீட்டினார்கள். டிரைவருக்குச் சேர வேண்டியதைத் திரட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பாயை நோக்கி ஓடினார்கள். ஜெயித்தும் விட்டார்கள்.

"அட, கொடுக்காம ஓடினா பெனால்ட்டி வரும்னு பயந்திருப்பாங்க சார்!" என்பீர்கள். இருக்கட்டுமே. அதுதான் நான் சொல்ல வருகிற விஷயத்துக்கே வழி காட்டுகிறது.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் லெட்ஜர் ஞாபகம் வருகிற வியாதி உண்டு. ஒரு கம்பெனியை மூடும்போது கணக்கில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கடன் கொடுத்தவர்கள், தொழிலாளிகள் இவர்களுக்கு உரியதைத் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஏதாவது மிச்சம் இருந்தால்தான் முதலாளிகளான பங்குதாரர்களுக்கு. இந்த வரிசையைக் கம்பெனி மூழ்குகிற அன்றைக்கு உட்கார்ந்து யாரும் யோசிப்பதில்லை. அன்றைக்கு யோசிக்க விட்டால் ஆளுக்கு ஒன்றை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். முன்பே, நிதானமாக, எழுதி வைத்துவிட்டார்கள்.

உசென்னா தம்பதியின் மனசுக்குள்ளும் அப்படி ஒரு வரிசை இருந்தது என்றுதான் அந்தக் காட்சியை நான் படிக்கிறேன். டாக்ஸிக்காரருக்குக் கொடுக்க வேண்டியது முதல் கடன். பரிசு என்பது மிச்சம். அந்த வரிசையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது மனசாட்சியா, வளர்த்த விதமா, போட்டியின் விதியா என்பது இரண்டாம் பட்சம். எதுவாக இருந்தாலும், அது டாக்ஸி நிற்பதற்கு முன்னாலேயே எழுதப்பட்டிருந்தது. காலின் கணக்கிலோ டாக்ஸிக் கூலியும் ரேஸுக்குள்ளேயே இருந்தது. டயர் போனது, நேரம் போனது, ஆகவே கூலியும் குறைய வேண்டும் என்று அங்கேயே பேரம். அவசரத்தில் பேரம் பேசினால் எப்போதும் ஒரே ஆள்தான் ஜெயிப்பார். அவசரம்!

ஆக, என் கட்சி இதுதான். அவசரத்தில் வெளிப்படுவது நம் 'ஒரிஜினல் முகம்' அல்ல. அவசரம் வருவதற்கு முன்னால் நாம் எதையெல்லாம் முடிவு செய்து வைத்திருக்கிறோம், எதையெல்லாம் முடிவு செய்யாமல் விட்டிருக்கிறோம் என்பதுதான் வெளிப்படுகிறது. விட்டுவைத்த காலி இடங்களை எல்லாம் கைக்கடிகாரம் வந்து நிரப்பிவிடுகிறது. நம்மை எடை போட வேண்டுமானால், கத்திய அந்த நிமிடத்தை மட்டும் போடக் கூடாது. கத்தாமல் இருப்பதற்கு, நேரம் இருந்தபோது என்ன ஏற்பாடு செய்தோம் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். அதற்காக நம்மைக் கேள்வி கேட்கலாம், தப்பில்லை. ஏனென்றால் அப்போது அவசரம் ஒன்றும் இல்லையே!

இப்போது காலினுக்கு வருகிறேன். ஃபைல் க்ளோஸ் என்று தீர்ப்பு எழுதினோமே, அந்தக் காலின். 2019-ல், முப்பத்தொன்றாவது சீசனில், பதினைந்து வருடம் கழித்து அதே கிறிஸ்டியோடு திரும்பி வந்தார். ரசிகர்கள் மாடு ஜோக்கோடு தயாராகக் காத்திருந்தோம். வந்தவர் வேறு ஆள். பிளேன் போனால் மூச்சை இழுத்துவிட்டார். வேலை சொதப்பினால் சிரித்தார். கிறிஸ்டியைப் பார்த்து, பரவாயில்லை என்றார். அந்த சீசனை ஜெயித்ததும் அவர்கள்தான்.

எது நிஜக் காலின்? 2004-ஆ, 2019-ஆ? பேலன்ஸ் ஷீட் என்பது ஒரு குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கிற கணக்கு. மார்ச் 31-ம் தேதி நிலவரம், அவ்வளவே. அதை வைத்து அந்தக் கம்பெனியின் ஜாதகத்தையே எழுதினால் ஆடிட்டர்கள் சிரிப்பார்கள். மனிதனுக்கு மட்டும் ஒரு நாள் நிலவரத்தை ஆயுள் முழுவதுக்கும் நிரந்தரமாக்கிவிடுகிறோம். அதே சமயம், பிந்தைய வருட லாபம் முந்தைய வருட நஷ்டத்தை அழிப்பதும் இல்லை. இரண்டும் அந்தந்தப் பக்கத்தில் இருக்கும். அந்தத் தான்சானியா டிரைவர் 2019 சீசனைப் பார்த்து, "அட, நம்மாளு திருந்திட்டாரே" என்று மகிழ்ந்திருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. காலின் மாறியதும் நிஜம். அன்றைக்கு அந்த மனிதர் தன் கூலிக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் நின்றதும் நிஜம். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் நாம் நல்ல ஆடிட்டர்கள்.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ரேஸில் ஓடுகிறவர்களுக்காவது 10 லட்சம் டாலர். பல மணி நேர ஓட்டத்தில் இருந்து சில நிமிடங்களை வெட்டி எடுத்து நமக்குக் காட்டுகிறார்கள், நாம் குணத்தை அளக்கிறோம். நம் வீட்டில் தினமும் நடக்கிற ரேஸுக்கு என்ன பரிசு? ஸ்கூல் வேன், எட்டே முக்கால் பஸ், மாசக் கடைசி டார்கெட்... கவர் கொடுத்தது யார்? பாய் எங்கே விரித்திருக்கிறது? அதில் யார் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்? பாதி ரேஸ்கள் யாருமே வைக்காதவை. ஆனாலும் அதில் முந்துவதற்காக ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குக் குரல் உயர்கிறது, ஷூ லேஸ் கட்டத் தெரியாத குழந்தை அடி வாங்குகிறது, போன் செய்த அம்மா "அப்புறம் பேசறேன்" என்ற ஒரு வார்த்தையோடு வைக்கப்படுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து, அவசரம் எதுவும் இல்லாத ஒரு நேரத்தில், ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். எதெல்லாம் உங்கள் ரேஸில் சேர்த்தி இல்லை என்று எழுதுங்கள். என்ன லேட்டானாலும் பேசிய கூலி பேசியதுதான். எவ்வளவு அவசரமானாலும் வீட்டில் யார் மீதும் கை ஓங்குவதில்லை. அம்மா போனுக்கு இரண்டு நிமிடம் உண்டு. பெரிய பட்டியல் வேண்டாம், நாலு வரி போதும். பெரிய பட்டியலையும் அவசரம் கிழித்துப் போட்டுவிடும்.

எழுதியபடி நடப்போமா என்பது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தெரிந்துவிடும். எட்டு மணிக்கு மேல் எழுதலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அப்போது பேனாவைத் தேடுவதிலேயே ஒரு சண்டை வரும்.